நாலு மணிக்குக் கேட்பவர்கள்

என் மகன் தூஹியோன் பாடகனாகப் போகிறேன் என்று சொன்னபோது நான் அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. போவதானால் குடும்பப் பெயரை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். அவன் அப்படியே செய்தான். சியோலுக்குப் போய், குவாக் என்ற எங்கள் பெயரைக் கழற்றிவிட்டு, மோரே என்று பெயர் வைத்துக்கொண்டான். மணல் என்று பொருள். பம்கோலில் எங்கள் வம்சத்தின் மூத்த கிளைக்குப் பதினெட்டாம் தலைமுறைத் தலைமகன் நான். எனக்குப் பிறகு அந்த இடத்தில் உட்கார வேண்டியவன் தன்னை மணல் என்று அழைத்துக்கொண்டான். பதினோரு ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. அவன் அம்மா மால்சுன் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதவன்போல இருந்தேன்.

சென்ற வசந்தத்தில் ஜோங்பில் வந்தான். என் தம்பியின் மகன். ஐம்பத்திரண்டு வயது. உய்சொங் டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். எங்கள் குலச் சங்கத்தின் செயலாளரும் அவன்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"பெரியப்பா, பாருங்க. நம்ம தூஹியோன் பாட்டு. தொள்ளாயிரத்து நாப்பதாவது இடம்!"

"தொள்ளாயிரத்து நாப்பது ஒரு இடமாடா? அதைச் சொல்ல கடையைப் பூட்டிட்டு வந்தியா?"

"கோடிக்கணக்குல பாட்டு இருக்கு பெரியப்பா. இப்ப யாரு இசைத்தட்டு வாங்குறா? எல்லாரும் இதுலதான் கேக்குறாங்க. எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டாங்கன்னு பாத்து மணிக்கொரு தடவ வரிசை போடுறாங்க."

"யாரு போடுறது?"

"ஆள் யாரும் இல்ல. மெஷினே போடும். ஆளு பாத்து, முகம் பாத்து எல்லாம் கிடையாது."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் முன்னோரில் ஐந்து பேர் அரசர் காலத்துத் தேர்வில் தேறியவர்கள். யார் எத்தனையாவது இடம் என்பது வம்ச ஏட்டில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருவர் பதினேழாவது, ஒருவர் இரண்டாவது. அவர்கள் எழுதிய விடைத்தாள்களை எங்களில் எவரும் படித்ததில்லை. இடம் மட்டும்தான் தெரியும், நானூறு ஆண்டுகளாக அதுவே போதுமாக இருந்திருக்கிறது. முகம் பார்க்காத ஒரு வரிசையில் என் மகனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்றால், அதை நான் எப்படி அலட்சியப்படுத்துவது?

அந்த மாதக் குலக்கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். தூஹியோனின் பாட்டு முதல் நூறுக்குள் வந்தால், பத்தாம் மாதம் முன்னோர் கல்லறையில் மது வார்க்க அவனை அழைப்பேன். கூடத்தில் இருந்த கிழவர்கள் கைதட்டினார்கள். எண்பத்துநாலு வயதான சொக்கியு சித்தப்பாவுக்குக் காது மந்தம். "என்ன, தூஹியோன் பரீட்சை எழுதுறானா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

ஜோங்பில் எல்லோருடைய கைப்பேசியிலும் அந்தப் பாட்டுச் செயலியை ஏற்றிக் கொடுத்தான். ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை கேட்டால்தான் கணக்கு. சத்தத்தை முழுதாக மூடினால் கணக்கில் வராது. இவ்வளவுதான் விதி. ஆனால் கிழவர்களால் அதுவும் முடியவில்லை. ஒருவருக்குப் பாட்டின் நடுவே மருமகள் போன் செய்தாள். ஒருவர் கைப்பேசியை மிளகாய் வயலில் விட்டுவிட்டு வந்தார். சொக்கியு சித்தப்பா இரண்டு நாள் வேறு யாரோ பெண் பாடிய பாட்டைப் போட்டுக்கொண்டு, நம் பையன் குரல் நன்றாக மெலிந்திருக்கிறது என்று புகழ்ந்தார்.

பத்து நாள் கழித்து ஜோங்பில் மறுபடி வந்தான். கடையில் மாற்றுக்கு வந்த பழைய கைப்பேசிகள் அறுபது இருப்பதாகச் சொன்னான். தேகுவில் அவனுக்குத் தெரிந்த ஒருவனிடம் ஒரு கணினி இருந்தது. பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் அது ஆயிரம் கைப்பேசிபோல நடந்துகொள்ளும்.

"குலச் சங்கத்து உறுப்பினர் ஏட்டை மட்டும் குடுங்க பெரியப்பா. அது உங்க பெட்டியிலதான இருக்கு?"

"அவங்ககிட்ட கேக்க வேணாமா?"

"ஆயிரத்து எழுநூறு பேர்கிட்டயா? புசான்ல இருக்குறவனை எப்பப் போய்க் கேக்குறது? பொய்ப் பேர் ஒண்ணும் இல்லியே. எல்லாரும் நம்ம ரத்தம். காது மட்டும்தான் ஓய்வு எடுக்குது."

நான் ஏட்டைக் கொடுத்தேன். என்னிடம் சாவி இருந்தது; என்னைத் தவிர வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது. கல்லறைச் சடங்கில் வர முடியாதவர்களின் பெயர்களையும் வந்தவர்களோடு சேர்த்து உரக்க வாசிப்பது எங்கள் வழக்கம். பெயர் வாசிக்கப்பட்டால் அவர் வந்ததாகவே கொள்வோம். இதுவும் அது போலத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குல மண்டபத்தின் மரத்தளத்தில் அறுபது கைப்பேசிகளும் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பாட்டுக் கேட்கும் காதுக் கம்பி ஒன்று செருகியிருந்தது. பக்கத்தில் போனால் கொசுக்கூட்டம்போல ஒரு மெல்லிய இரைச்சல். அத்தனையும் என் மகனின் குரல். நான் ஒரு நாளும் ஒரு கம்பியை எடுத்துக் காதில் வைக்கவில்லை. வரிசையை மட்டும் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று முப்பது. நூற்று ஆறு. ஊரெல்லாம் தூங்கும் நேரத்தில் போட்டி குறைவு என்பதால் அதிகாலை நாலு மணிக்கு இடம் தாவியது. ஆறாம் மாதம் ஒரு நாள் அறுபத்தொன்று.

ஊர் நுழைவில் துணிப் பதாகை கட்டினோம். "பம்கோல் குவாக் வம்சத் தலைமகன் இல்லத்து மகன் தூஹியோன், நாடளாவிய பாட்டு வரிசையில் அறுபத்தொன்றாம் இடம்." மோரே என்று எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அன்று மதியம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மால்சுன் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அப்பா." குரல் பழையபடிதான் இருந்தது. "பதாகை கட்டியிருக்கீங்களாமே. அம்மா சொன்னாங்க."

"கட்டினோம்."

"அப்பா, எனக்கு ஒண்ணும் புரியல. விளம்பரம் கிடையாது, டிவி கிடையாது. நாலு மணிக்கு எழுந்து பாத்தா ஆயிரம் பேர் கேட்டுக்கிட்டிருக்காங்க. நாலு மணிக்கு! தூக்கம் வராதவங்க யாரோ. பதினோரு வருஷமா நான் அவங்களுக்குத்தான் பாடுறேன், அவங்க இருக்காங்களான்னு தெரியாமலே. இருக்காங்கப்பா."

அவன் அழுதான். முப்பத்தெட்டு வயது ஆண் பிள்ளை தந்தையிடம் அழுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நான் அதட்டவில்லை. "பத்தாம் மாசம் கல்லறைக்கு வா" என்றேன். வருகிறேன் என்றான்.

பதினெட்டு நாள் கழித்து அந்தப் பாட்டு வரிசையிலிருந்து எடுக்கப்பட்டது. இயல்புக்கு மாறான கேட்பு என்று நிறுவனம் இரண்டு வரியில் அறிவித்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே நொடியில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். செய்தித் தளங்களில் அவன் படம் வந்தது. கீழே இருந்த வசைகளை ஜோங்பில் எனக்குக் காட்ட மறுத்தான். நான் பிடுங்கிப் படித்தேன். வரிசைத் திருடன். இடத்தை விலைக்கு வாங்கிய மணல். அவன் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பயிற்சிக்கூடத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். வானொலியில் கொடுத்திருந்த அரைமணி நேரத்தையும் ரத்து செய்தார்கள். பதாகையை நானே ஏணி வைத்து ஏறி அறுத்தேன்.

அவன் மறுபடி அழைத்தான். இந்த முறை அழவில்லை.

"யாரோ என்னை மாட்டிவிட்டிருக்காங்கப்பா. யாருன்னு தெரியல. ஆனா எல்லாமே பொய்யா இருக்க முடியாது. கேட்டவங்க இருக்காங்க. நான் நிரூபிக்கப் போறேன். சியோல்ல, மாப்போங்கற பகுதியில ஒரு கூடம் பிடிச்சிருக்கேன். கீழ்த்தளம், நூத்தியெண்பது இருக்கை. இலவசம். ஞாயித்துக்கிழமை மூணு மணி. என் பாட்டைக் கேட்டவங்க வாங்கன்னு போட்டிருக்கேன். வந்தவங்களை எல்லாரும் பாக்கட்டும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா, அவங்க சொல்றது சரின்னு ஆயிடும். அப்புறம் நான் பாட மாட்டேன்."

தொலைபேசியை வைத்தபிறகு மால்சுன் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்றது? உன்னை யாருமே கேக்கலடா, நாங்கதான் கணக்கு ஏத்தினோம்னா? திருடன்னு சொன்னாலாவது அவனுக்குள்ள ஒண்ணு மிஞ்சும். இதைச் சொன்னா என்ன மிஞ்சும்?"

"யாருமே கேக்கலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டேன்."

"எத்தனை தடவ?"

"ஒரு தடவ. அதுக்கப்புறம் ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. ஒரு பாட்டை எத்தனை தடவங்க கேக்கணும்?"

மறுநாள் ஜோங்பிலை வரவழைத்து நாலு பேருந்து பிடிக்கச் சொன்னேன். காலியான கூடத்தில் என் மகன் நின்று பாடுவதை நாடு பார்க்க நான் விடமாட்டேன். அன்று எனக்கு அது தந்தையின் கடமையாகவே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் பம்கோலிலிருந்து இரண்டு, தேகுவிலிருந்து இரண்டு. பெண்கள் அவித்த முட்டையும் இனிப்பு அரிசிப் பானமும் எடுத்து வந்தார்கள். வண்டியில் ஜோங்பில் ஒலிபெருக்கியில் பாடம் நடத்தினான்.

"யாரும் தூஹியோன்னு கூப்பிடக் கூடாது. மோரேன்னுதான் கூப்பிடணும். நாம யாரு?"

"ரசிகர்!"

"எந்த ஊரு?"

"பல ஊரு!"

"அவன் ஏதாவது கேட்டா என்ன செய்யணும்?"

"கையைத் தூக்கணும்!"

"என்ன கேட்டா?" என்றார் சொக்கியு சித்தப்பா.

"எது கேட்டாலும் தூக்குங்க தாத்தா. பிரச்சினை இல்ல."

பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டோம். தெருவில் ஒரு ஆள்கூட இல்லை. நான் நினைத்தது சரிதான் என்று மனம் ஒரு பக்கம் நொந்தது, ஒரு பக்கம் நிம்மதியடைந்தது. இரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள். கல்யாண வீட்டில் நிற்பதுபோல நான் வாசலில் நின்றேன். அது எனக்குப் பழக்கம்.

இரண்டேகால் மணிக்குப் பிறகுதான் அவர்கள் வரத் தொடங்கினார்கள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டமாக யாரும் வரவில்லை, ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். மீன் சந்தையின் ரப்பர் காலணியோடு ஒரு நடுவயதுக்காரர். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். கைத்தடியோடு பார்வையற்ற ஒருவர். முப்பது பேர் இருக்கும், நாற்பது பேர்கூட இருக்கலாம். கூடத்துக்காரப் பையன் குனிந்து குனிந்து ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான். "மன்னிச்சுக்குங்க, நிரம்பிடுச்சு."

மழைச்சட்டை போட்ட ஒரு பெண் அவனை விடவில்லை. முப்பது வயதிருக்கும்.

"கோச்சாங்லேருந்து வர்றேங்க. அஞ்சு மணி நேரம். ஓரமா நின்னு கேக்குறேனே."

"தீயணைப்பு விதிங்க. நிக்க விட முடியாது."

அவள் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்து, பெரியவர் என்பதால் தலை தாழ்த்தினாள்.

"தாத்தா, நீங்களும் மோரே பாட்டு கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"அப்படியா!" அவள் முகம் மலர்ந்தது. "இவ்வளவு பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் ஒருத்திதான்னு நினைச்சிருந்தேன். உங்களுக்கு எந்த வரி பிடிக்கும் தாத்தா?"

ஆறு வாரம் அந்தப் பாட்டு என் குல மண்டபத்தில் ஓடியது. எனக்கு ஒரு வரியும் தெரியவில்லை.

"எல்லாமே" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான்" என்று அவள் சிரித்தாள்.

அப்போதே நான் உள்ளே போய், எழுந்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது பேரை எழுப்ப எனக்கு ஒரு வார்த்தை போதும்; என் சொல்லை அங்கே யாரும் தட்டமாட்டார்கள். ஆனால் எழுப்பினால் வாசலில் நிற்கும் அவர்களிடம், யார் நீங்கள், ஏன் எழுந்தீர்கள், எந்தப் பேருந்தில் வந்தீர்கள் என்ற கேள்வி எழும். எங்கள் வம்சத்தின் பெயர் அந்தத் தெருவில் விழும். நான் உள்ளே போய் முதல் வரிசையில் மால்சுன் பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பையன் கதவைச் சாத்தினான்.

மூன்று மணிக்கு மேடையில் விளக்கு எரிந்தது. கிதாரோடு வந்தான் தூஹியோன். மெலிந்திருந்தான். நிரம்பிய கூடத்தின் கைதட்டலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். விளக்கு கண்ணில் அடித்ததால் அவனுக்கு முகங்கள் தெரியவில்லை.

"வந்துட்டீங்க" என்றான் ஒலிவாங்கியில். "நான் பயந்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு. காலையில நாலு மணிக்கு என் பாட்டைக் கேட்டவங்க யாரு?"

கூடத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையைத் தவிர, மால்சுன் கையைத் தவிர. அவ்வளவு சீராக, ஒரே நொடியில் உயர்ந்தன.

பார்வையாளர் பக்கம் விளக்கைப் போடச் சொல்லி அவன் கை காட்டினான். அவர்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டான். விளக்கு எரிந்தது.

அவன் இடமிருந்து வலமாகப் பார்த்தான். சித்தப்பாக்களைப் பார்த்தான். அத்தைகளைப் பார்த்தான். சிறு வயதில் அவனைத் தோளில் தூக்கி நடந்த சொக்கியு தாத்தா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "மோரே! மோரே!" என்று கத்தினார். கடைசியில் அவன் பார்வை என்மேல் வந்து நின்றது. நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். வேறு எப்படி உட்காருவது என்று எனக்குத் தெரியாது.

அவன் பாடினான். முழுப் பாட்டையும் பாடினான். அது என்ன பாட்டு என்று இங்கே எழுத மாட்டேன். அந்த உரிமை எனக்கு இல்லை. அன்றுதான் நான் அதை முதல்முறையாகக் கேட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். ஓர் இடத்தில் குரலை நிறுத்தி அவன் மூச்சு விட்டபோது எங்கள் ஆட்கள் பாட்டு முடிந்ததென்று கைதட்டினார்கள். அவன் காத்திருந்து மீதியைப் பாடினான்.

மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறைக்கு நானும் மால்சுனும் போனோம். கிதாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆயிரம் பேரும் எந்த ஏட்டுலேருந்து?" என்று கேட்டான்.

"குலச் சங்கத்து ஏடு."

"எத்தனை பேரு?"

"ஆயிரத்து எழுநூறு."

"ஓ." தலையை ஆட்டினான். "அப்ப சரியாத்தான் வருது. ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையா இருந்துச்சு. நிசமா கேக்குறவங்கன்னா கூடும் குறையும். எனக்கு அப்பவே தோணியிருக்கணும்."

"தூஹியோன், நான் கேட்டேன்பா" என்றாள் மால்சுன்.

"நீங்க என் அம்மா."

பிறகு கிதார்ப் பெட்டியை ஓரமாகத் தள்ளி, தரையில் இடம் உண்டாக்கினான். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னான். கைகளை நெற்றியில் சேர்த்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட எனக்கு முழு வணக்கம் செய்தான். பதினோரு ஆண்டுக்குப் பிறகு தந்தையைக் காணும் மகன் செய்ய வேண்டியதுதான். எழுந்தான். அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவன் மறுபடி கைகளை நெற்றியில் சேர்த்து, மறுபடி மண்டியிட்டான்.

உயிரோடிருப்பவருக்கு நாங்கள் ஒரு முறை வணங்குவோம். இரண்டு முறை யாருக்கு என்று, அறுபது ஆண்டுகளாகச் சடங்கு நடத்திய எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மால்சுன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் நாற்பது பேர் வந்து திரும்பினார்கள் என்ற வாக்கியம் என் வாயில் முழுதாக இருந்தது. கோச்சாங்கிலிருந்து ஒரு பெண், அவளுக்கு எல்லா வரியும் பிடிக்கும், இன்னும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாலும் இருக்கும், ஓடிப் பார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் திரும்பினார்கள் என்று அவன் கேட்பான். நான் வாசலில் நின்றுகொண்டே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "உடம்பைப் பாத்துக்கோ" என்றேன்.

அவன் பின்வாசல் வழியாகப் போனான். நான் முன்வாசலுக்கு வந்தபோது படிக்கட்டில் யாரும் இல்லை. எங்கள் ஆட்கள் பேருந்தில் ஏறி முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக நடந்தது என்று எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள்.

மூன்றாம் நாள் அவன் தன் பாட்டுகள் எல்லாவற்றையும் அந்தச் செயலியிலிருந்து தானே எடுத்துவிட்டான். பதினோரு ஆண்டுகளில் பாடிய இருபத்தாறு பாட்டுகள். அவற்றை இசைத்தட்டாக அவன் ஒருபோதும் போட்டதில்லை. போட்டிருந்தால் எங்காவது ஒரு வீட்டில் ஒன்று மிஞ்சியிருக்கும். அவன் கைப்பேசி எண் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. அவரிடம் மால்சுன் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

அந்த நாற்பது பேரை எப்படியாவது கண்டுபிடி என்று ஜோங்பிலிடம் சொன்னேன். அவர்களை அழைத்துப் போய், மகன் எங்கிருந்தாலும் தேடி அவன் முன்னால் நிறுத்தினால் போதும். நான் தெருவில் மண்டியிடவும் தயார் என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததைக் கேட்டு அவன் தலை குனிந்துகொண்டான்.

"எப்படிப் பெரியப்பா கண்டுபிடிக்கிறது? பேரு தெரியாது. கேட்டுட்டுப் போறவங்க யாருகிட்டயாவது சொல்லிட்டாப் போறாங்க?"

நிறுவனத்துக்கு என் கையால் கடிதம் எழுதினேன். குற்றம் என்னுடையது என்று முழுப் பெயரும் குலமும் போட்டு, முத்திரையும் வைத்து அனுப்பினேன். குலச் சங்கம் என்மீது கோபமாக இருக்கிறது, இருக்கட்டும். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெயரில் எந்தப் பாட்டும் தங்களிடம் இப்போது இல்லை என்றும், ஆகவே இதில் தாங்கள் செய்யக்கூடியது ஏதும் இல்லை என்றும் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள்.

மால்சுன் சில சமயம் சமையலறையில் அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரியை முணுமுணுக்கிறாள். மூன்றாவது வரி அவளுக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை.